ஐஸ்லாந்தின் பெயரைக் கெடுத்தது எது? ரேட்டிங்கா, கசிந்த ரகசியங்களா?

கவிதா, பாளையங்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாடுகளின் கடன் தர மதிப்பீடு (ரேட்டிங்) பற்றி ஒரு கருத்தரங்கு வைக்கிறோம். எல்லோரும் எடுக்கிற கிரீஸை விட்டுவிட்டு ஐஸ்லாந்தை எடுத்திருக்கிறேன். 2008இல் மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு அது. எடுக்கப்பட்ட முடிவுகளையும் எடுத்தவர்களையும் பெயர் சொல்லிப் பின்தொடர முடிகிறது.

ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நல்ல பதில் தேடுகிறேன். 2007 பிப்ரவரியில் மூடிஸ் என்ற ரேட்டிங் நிறுவனம் கௌப்திங், கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி ஆகிய மூன்று ஐஸ்லாந்து வங்கிகளுக்கும் ‘ஏஏஏ’ என்ற மிக உயர்ந்த தரம் கொடுத்தது. 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்றும் விழுந்தன. அப்புறம் 2016 ஏப்ரலில், பெரிய மனிதர்களின் வெளிநாட்டு ரகசியக் கம்பெனிகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் கசிந்து, பிரதமர் சிக்முண்டூர் தாவித் குன்லாக்சன் பதவியை விட்டுப் போனார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் மூடிஸ் அந்த நாட்டை ‘பிஏஏ2’விலிருந்து ‘ஏ3’க்கு ஒரே தடவையில் இரண்டு படி ஏற்றியது.

எதுவும் வெளியே தெரியாத காலத்தில் முழு மதிப்பெண். அவமானம் ஊரறிய வெளியே வந்த ஆண்டில் மதிப்பெண் உயர்வு. அப்படியானால் ரேட்டிங் எதைத்தான் அளக்கிறது? கசிவுகள் ஒரு சின்ன நாட்டின் பெயரை நிஜமாகவே கெடுக்கின்றனவா? வங்கித் துறையில் இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மதன்:

இதில் யோசிக்க ஒன்றுமில்லை மேடம். மூன்று பெரிய ரேட்டிங் நிறுவனங்களும் அமெரிக்காவை மையமாகக் கொண்டவை. பெரிய நாட்டைத் தொட மாட்டார்கள், சின்ன நாட்டை மிரட்டுவார்கள். 2010இல் ஐஸ்லாந்துக்கு நடந்தது அதுதான்.

சேது (ஓய்வு, கடன் பிரிவு), கும்பகோணம்:

கவிதா மேடம், நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவிலேயே பெரும்பகுதிக் காலம் இருந்து ஓய்வு பெற்றவன். ஐஸ்லாந்து விவகாரத்தை அப்போதிருந்தே விடாமல் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதன் தம்பி, பெரிய நாட்டைத் தொட மாட்டார்கள் என்பது சரியில்லை. அந்த மூன்றில் ஒன்றான எஸ் அண்ட் பி 2011 ஆகஸ்டில் அமெரிக்காவையே ‘ஏஏஏ’விலிருந்து ‘ஏஏ பிளஸ்’ஸுக்கு இறக்கியது. வித்தியாசம் எங்கே என்றால், அமெரிக்காவை இறக்கினாலும் அதன் கடன் பத்திரத்தை உலகம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஐஸ்லாந்து மாதிரி நாட்டை இறக்கினால் மறுநாளே வட்டி ஏறும், கதவு சாத்தப்படும். அடி ஒன்றுதான், விழுகிற உடம்பு வேறு.

முதலில் 2007க்கு வருவோம். ரேட்டிங் கேட்பது ஒரே கேள்வி: வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பார்களா? ஆள் யோக்கியமா, யாருக்குக் கடன் கொடுக்கிறார் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு எவ்வளவு தொடர்போ அவ்வளவுக்குத்தான் பார்க்கப்படும். 2007 பிப்ரவரியில் மூடிஸ் தன் கணக்கு முறையை மாற்றியது. வங்கி தள்ளாடினால் அரசு தாங்கிப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்தது. ஐஸ்லாந்து அரசு அப்போது ‘ஏஏஏ’. வங்கியை அரசு கைவிடாது. ஆகவே வங்கியும் ‘ஏஏஏ’. காகிதத்தில் தர்க்கம் நேராக இருக்கிறது.

எங்கள் பிரிவில் ஒரு பார்ட்டி ஜாமீன்தாரரைக் கூட்டிக்கொண்டு வந்தால், ஜாமீன்தாரரின் சொத்துக் கணக்கைப் பார்க்காமல் பேப்பர் நகராது. பத்து லட்சம் சொத்துள்ளவர் ஒரு கோடிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ஐஸ்லாந்தில் இதுதான் நிலை. மூன்று வங்கிகளின் சொத்து மதிப்பு, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் ஏறக்குறைய பத்து மடங்குக்கு வளர்ந்திருந்தது. அதோடு வங்கிகளின் கடனில் பெரும்பகுதி யூரோ, டாலர், பவுண்டில். மத்திய வங்கி தன் நாட்டு நாணயமான குரோனாவை அச்சடிக்கலாம், யூரோவை எப்படி அச்சடிக்கும்? சந்தையிலேயே பலர் முகம் சுளித்தார்கள். ஏப்ரலில் மூடிஸ் மூன்றையும் ‘ஏஏ3’க்கு இறக்கியது. இறக்கிய பிறகும் அது நல்ல உயரம்தான்.

இதற்கு ஓராண்டு முன்பு நடந்ததைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 2006 பிப்ரவரியில் இன்னொரு ரேட்டிங் நிறுவனமான ஃபிட்ச், ஐஸ்லாந்தின் எதிர்காலப் பார்வையை எதிர்மறையாக்கியது, அதாவது தரம் இறங்கலாம் என்று சொன்னது. மார்ச்சில் டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி ஐஸ்லாந்து பற்றி ஒரு கடுமையான அறிக்கை வெளியிட்டது. குரோனா சரிந்தது. ஐஸ்லாந்து வங்கிகளுக்கு ஐரோப்பியப் பத்திரச் சந்தையில் கடன் கிடைப்பது கடினமாயிற்று. அப்போது லாண்ட்ஸ்பாங்கி என்ன செய்தது? அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் ‘ஐஸ்சேவ்’ என்று இணையச் சேமிப்புக் கணக்கு தொடங்கியது. பெரிய முதலீட்டாளர்கள் விலகினதும், கூடுதல் வட்டி காட்டிச் சாதாரண மக்களின் சேமிப்பை இழுத்தது. எச்சரிக்கை வந்தது நிஜம். வங்கி அதைக் கேட்டுச் சுருங்கவில்லை, வேறு வாசல் வழியே போனது. இரண்டே ஆண்டில் பிரிட்டனில் மட்டும் மூன்று லட்சம் பேர் பணம் போட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் உள்ளாட்சி மன்றங்கள் ஏறக்குறைய 100 கோடி பவுண்டை ஐஸ்லாந்து வங்கிகளில் வைத்து மாட்டிக்கொண்டன. எங்கே டெபாசிட் போடுவது என்று பார்க்க அந்த மன்றங்களில் பலவும் நம்பியது ரேட்டிங் பட்டியலைத்தான்.

நாட்டின் பெயரைக் கெடுத்தது எது என்று கேட்டீர்கள். என் கருத்தில் முதல் பெரிய அடி ரேட்டிங்கும் இல்லை, கசிவும் இல்லை. 2008 அக்டோபர் 8 அன்று பிரிட்டன், தன் 2001ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கியது. பிரிட்டிஷ் நிதியமைச்சகத்தின் தடைப் பட்டியலில் அல்-காய்தா, தாலிபான் பெயர்களோடு அந்த வங்கியின் பெயரும் நின்றது. சொந்தமாக ராணுவமே இல்லாத நாடு, நேட்டோ கூட்டாளி. “நாங்கள் பயங்கரவாதிகள் அல்ல” என்று 80,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்கு அளவு! ஒரு வங்கியின் கடனுக்காக ஒரு தேசத்தின் பேரில் அந்த முத்திரை குத்தப்பட்டதை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

அடுத்து, 2009 ஜூலைக் கடைசியில் வந்த கசிவு. கௌப்திங்கின் கடன் பேரேடு, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்தில் வெளியானது. வங்கி விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2008 செப்டம்பர் 25 நிலவரம். 4.5 கோடி யூரோவுக்கு மேல் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் விவரமும் அதில் இருந்தது. வங்கியின் பெரிய பங்குதாரர்களுக்கும் அவர்களோடு தொடர்புள்ள கம்பெனிகளுக்கும் பெருந்தொகைகள், பல இடங்களில் போதிய ஈடு இல்லாமல். கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பக்கங்களைப் படித்தபோது வயிறு எரிந்தது. வங்கியின் முதலாளியே வங்கியிடம் பெரிய கடன் வாங்கியவர் என்றால், அந்த ஒரு வரி போதும், மற்ற எந்த விகிதத்தையும் பார்க்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 1 மாலை அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.யூ.வி. இதைச் செய்தியாக்க இருந்தது. வங்கித் தரப்பு தடையாணை வாங்கியது. செய்தி தொடங்கச் சற்று முன்புதான் ஆணை வந்து சேர்ந்தது. செய்தி வாசிப்பவர், எங்களால் சொல்ல முடியவில்லை என்று அறிவித்து, விக்கிலீக்ஸ் முகவரியைத் திரையில் காட்டிவிட்டார். நாடே போய்ப் படித்தது. சில நாளில் தடையும் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 16 அன்று ஆல்திங்கி, அதாவது அவர்களின் நாடாளுமன்றம், செய்தி மூலங்களையும் தகவல் தருபவர்களையும் காப்பாற்றச் சட்டங்கள் கொண்டுவர ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கசிவால் பெயர் கெட்டது வங்கியாளர்களுக்கு. நாட்டுக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது என்றே சொல்வேன்.

ரேட்டிங்கும் கசிவும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட மாதம் ஒன்று உண்டு, 2010 ஜனவரி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

சேது (ஓய்வு, கடன் பிரிவு), கும்பகோணம்:

தொடர்கிறேன்.

ஐஸ்சேவில் பணம் போட்டவர்களுக்கு பிரிட்டன், நெதர்லாந்து அரசுகள் தங்கள் கஜானாவிலிருந்து கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்திடம் சுமார் 390 கோடி யூரோ கேட்டன். தலைக்குக் கணக்குப் பார்த்தால் பிறந்த குழந்தை உட்பட ஆளுக்கு 12,000 யூரோவுக்கு மேல். வட்டி 5.55 சதவீதம். 2009 டிசம்பர் 30 அன்று ஆல்திங்கி 33க்கு 30 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. வாக்காளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், கையெழுத்துப் போடாதீர்கள் என்று குடியரசுத் தலைவருக்கு மனுக் கொடுத்தார்கள். ஜனவரி 5 அன்று தலைவர் ஓலாஃபூர் ராக்னர் கிரிம்சன், கையெழுத்திட மாட்டேன், மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். அதே நாள் ஃபிட்ச் ஐஸ்லாந்தை ‘பிபி பிளஸ்’ஸுக்கு, அதாவது முதலீட்டுத் தரத்துக்குக் கீழே, இறக்கியது. மக்களிடம் கேட்கலாம் என்று ஒரு தலைவர் சொன்னதற்குச் சில மணி நேரத்தில் வந்த பதில் இது.

ஃபிட்ச் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு நிதியத்தின் உதவியும் நார்டிக் நாடுகளின் கடனும் ஐஸ்சேவ் தீர்வோடு பின்னிக் கிடந்தன. தீர்வு தள்ளிப்போனால் பணம் வருவதும் தள்ளிப்போகும். கடன் கொடுத்தவன் கண்ணால் பார்த்தால் ஆபத்து கூடியது உண்மை.

ஜனவரி 13 அன்று ரெய்க்யவிக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனுக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பியது. அது பிப்ரவரி 18 அன்று விக்கிலீக்ஸில் வந்துவிட்டது. பின்னாளில் கொட்டிய லட்சக்கணக்கான தூதரகத் தந்திகளில் முதலில் வெளியானது இதுதான். ஐஸ்லாந்து வெளியுறவு அதிகாரிகள் அமெரிக்கர்களிடம் பேசியது அதில் இருந்தது. இது தீராவிட்டால் 2011இல் கடன் தவணை கட்ட முடியாமல் போகலாம், இரண்டு பெரிய நாடுகள் எங்களை மிரட்டுகின்றன, நீங்கள் நடுநிலை என்று ஒதுங்குவது அதை வேடிக்கை பார்ப்பதற்குச் சமம் என்ற தொனியில் பேசியிருந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தங்கள் அதிகாரிகள் மூடிய கதவுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்பது மக்களுக்குத் தெரிந்துவிட்டது. ரேட்டிங் ஒரு பக்கம் பயமுறுத்துகிறது, கசிந்த தந்தி இன்னொரு பக்கம் அதே பயத்தை உறுதி செய்கிறது. அப்படியும் மார்ச் 6 அன்று 90 சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். வட்டியைக் குறைத்து மறுபடி ஒப்பந்தம் வந்தது. வேண்டாம் என்றால் ஜங்க் தரத்துக்கு, அதாவது முதலீட்டுத் தரத்துக்குக் கீழே, போவீர்கள் என்று 2011 பிப்ரவரியில் மூடிஸ் எச்சரித்தது. ஏப்ரல் 9 அன்று சுமார் 60 சதவீதம் பேர் மறுபடி ‘வேண்டாம்’ என்றார்கள். மூடிஸ் இறக்கவில்லை, முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படியான ‘பிஏஏ3’யிலேயே வைத்தது. ஜூனில் ஐஸ்லாந்து உலகச் சந்தையில் 100 கோடி டாலர் பத்திரம் விற்றது. 2011இல் தவணை எதுவும் தவறவில்லை. 2013 ஜனவரி 28 அன்று எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நீதிமன்றம் ஐஸ்லாந்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்றே 2016 தொடக்கத்துக்குள் அந்த டெபாசிட் கோரிக்கைகள் முழுதாகத் தீர்க்கப்பட்டன. மக்கள் தலையில் விழவில்லை.

அந்த வாக்காளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ரேட்டிங் தாளும் ரகசியத் தந்தியும் சொன்ன பயத்தைக் கேட்டுக்கொண்டு, இது எங்கள் கடனா என்ற கேள்வியை விடாமல் பிடித்திருந்தார்கள்.

வடக்குக்காற்று (நோர்வே):

வணக்கம் சேது ஐயா. நான் யாழ்ப்பாணம், இப்போது நோர்வேயில் ஆஸ்பத்திரியில் வேலை. நெருக்கடிக்குப் பிறகு ஐஸ்லாந்துச் சனம் நிறையப் பேர் வேலை தேடி இங்கே வந்தார்கள். எங்கள் வார்டிலும் ஒரு ஐஸ்லாந்துத் தாதி இருந்தா. வீட்டுக் கடன் வெளிநாட்டு நாணயத்தோடு கட்டப்பட்டிருந்ததால், குரோனா விழ விழக் கடன் ஏறினதாம். மாதத்தில் பாதி நாள் இங்கே வேலை செய்து அங்கே அனுப்பினா. ரேட்டிங் பற்றிக் கேட்டால், அது எங்களைப் பற்றினது இல்லை, எங்களுக்குக் கடன் குடுத்த ஆட்களுக்கு எழுதின கடிதம் என்று சொல்லுவா.

ஒரு விசயம் சேர்க்க வேணும். 2008 அக்டோபரில் பெரிய நாடுகள் எல்லாம் நிபந்தனை பேசிக்கொண்டிருந்த நேரம், ஐம்பதாயிரம் சனம்கூட இல்லாத பரோ தீவுகள் 30 கோடி டேனிஷ் குரோனர் கடன் குடுத்தது. அந்தத் தாதி அதைச் சொல்லேக்க ஒவ்வொரு முறையும் கண் கலங்குவா. அந்த நேரம் ஐஸ்லாந்தின் ரேட்டிங் என்ன என்று பரோக்காரர் பார்த்திருக்க மாட்டினம்.

கவிதா, பாளையங்கோட்டை:

சேது ஐயா, மிக்க நன்றி. வடக்குக்காற்று, பரோ தீவுகள் பற்றி எனக்குத் தெரியாது, நிச்சயம் வகுப்பில் சொல்வேன். 2016 மட்டும் பாக்கி இருக்கிறது ஐயா. பிரதமரே விலகும் அளவு அவமானம், அது ஏன் ரேட்டிங்கில் இறங்கவில்லை?

சேது (ஓய்வு, கடன் பிரிவு), கும்பகோணம்:

மேடம், கடன் கொடுத்தவர்களுக்கு 2016 நல்ல ஆண்டு. விழுந்த வங்கிகளுக்குக் கடன் கொடுத்திருந்த வெளிநாட்டவர்களோடு அரசு ஒப்பந்தம் முடித்துவிட்டது. அரசின் கடன் சுமை குறைந்துகொண்டு வந்தது. 2010இல் ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2016இல் 17 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்நியச் செலாவணி கையில் நிறைந்திருந்தது. மூடிஸ் பார்த்தது இதை.

கசிவு காட்டியது வேறு. பிரதமரின் மனைவி பெயரில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ‘விண்ட்ரிஸ்’ என்ற கம்பெனி. 2009இன் கடைசி நாளில் தன் பாதிப் பங்கை அவர் மனைவிக்கு ஒரு டாலருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அந்தக் கம்பெனி கையில் விழுந்த வங்கிகளின் பத்திரங்கள் இருந்தன. அதாவது வங்கிகளுக்குக் கடன் கொடுத்தவர்களோடு நாட்டுக்காகப் பேரம் பேசிய அரசின் தலைவர் வீட்டிலேயே அப்படிக் கடன் கொடுத்த ஒருவர். வரி எல்லாம் ஒழுங்காகக் கட்டினோம், சட்டத்தை மீறவில்லை என்று அவர் தரப்பு சொன்னது. மக்கள் கேட்டது வரிக் கணக்கை இல்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார்கள். ஏப்ரல் 3 செய்தி, 4ஆம் தேதி நாடாளுமன்றத்துக்கு முன்னால் பல ஆயிரம் பேர், 5ஆம் தேதி பதவி விலகல். அக்டோபரிலேயே தேர்தலும் வைத்துவிட்டார்கள்.

மூன்று நாளில் ஒரு பிரதமரை அமைதியாக வீட்டுக்கு அனுப்பும் நாடு, தவணை கட்டாமல் ஓடும் நாடாக இருக்காது. ரேட்டிங் குழு அப்படி எழுதியதா என்பது வேறு, ஒரு கடன் அதிகாரியாக நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். கசிந்தது தலைவர்களின் ரகசியம். அதற்கு மக்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நாட்டின் பெயர் இருந்தது.

வகுப்புக்கு ஒரு யோசனை. நாடாளுமன்றம் அமைத்த சிறப்பு விசாரணைக் குழு 2010 ஏப்ரல் 12 அன்று 2,000 பக்கத்துக்கு மேல் ஒரு அறிக்கை கொடுத்தது. வங்கிகள் எப்படி விழுந்தன, யார் யார் கடமை தவறினார்கள் என்று பெயரோடு. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் முறை வைத்து இரவு பகலாக முழுவதையும் வாசித்தார்கள். அதன் சில பகுதிகள் ஆங்கிலத்திலும் உண்டு. அதில் வங்கிகள் பெரிய பங்குதாரர்களுக்குக் கொடுத்த கடன் பற்றிய பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பக்கத்தில் 2006 மார்ச் டான்ஸ்கே வங்கி அறிக்கையை வையுங்கள். அது யாருடைய ரகசியத்தையும் திருடி எழுதியதல்ல, பொதுவில் கிடைத்த எண்களை வைத்தே எழுதியது. கசிவு வராமலே எவ்வளவு தெரிந்திருக்க முடியும், எது கசிவால் மட்டுமே தெரிந்தது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை இங்கே போட்டால் நானும் படித்துக் குறிப்புச் சொல்கிறேன்.